வாய்க்காலைத் தின்ற மாயாண்டி

அண்ணே,

போன வருஷம் முதியோர் மாலை வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் என் பெயரை எழுதினார். 'ம', அதற்கு ஒரு கால், 'ய', அதற்கும் ஒரு கால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். முழுப் பெயரும் வந்து முடிந்ததும் எனக்கு அது தெரிந்த முகமாக இருந்தது.

"எல்லாஞ் சரிதேன் டீச்சர். மேல இருக்க வேண்டிய வயித்தத்தேன் காணோம்" என்றேன்.

டீச்சர் சின்னப் பிள்ளை, பயந்துவிட்டது. வயதான மனிதருக்குப் பகல் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. அதற்கு எப்படித் தெரியும்? எழுத்துத் தெரியாத காலம் முழுவதும் நான் என் பெயரை ஒரே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். உங்கள் சலூன் வாசலில், சாக்பீஸால் வரைந்த ஒரு பெரிய வயிற்றுக்குக் கீழே.

இப்போது எழுத வருகிறது. வேகமாக வராது. ஒரு வரி எழுதிவிட்டு, வாழைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வந்து அடுத்த வரியை எழுதுகிறேன். முதல் கடிதம் யாருக்கு என்று யோசித்தேன். மகள் தேவாரம் ஊரில் இருக்கிறாள், போன் போட்டால் எடுப்பாள். உங்களுக்குத்தான் போன் போட முடியாது.

காலையில் கடையைத் திறந்ததும் நீங்கள் செய்யும் முதல் வேலை, பேப்பரில் வந்த கேலிப்படத்தை வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டுவது. முடிவெட்ட வந்தவன் தன் முகத்தைப் பார்க்கப் போய் ஏதோ ஒரு மந்திரியைப் பார்த்துக்கொண்டிருப்பான். மந்திரியின் மூக்கு ஏன் நீண்டிருக்கிறது, நாற்காலிக்கு ஏன் மூன்று கால் என்று நீங்கள் விளக்குவீர்கள். விளக்கம் முடிவதற்குள் ஒரு பக்கத்துக் கிருதா மேலே ஏறியிருக்கும். நம் ஊரில் அப்போது பாதிப் பேருக்குக் கிருதா ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. விளக்கம் அவ்வளவு நன்றாக இருக்கும்.

அதற்குப் பிறகு உங்கள் சொந்தப் படம். வாசலில் சாய்த்துவைத்த கறுப்புப் பலகையில் வரைந்து முடித்ததும், எழுத்து ஒன்றும் போடாமல் என்னைக் கூப்பிடுவீர்கள்.

"மாயாண்டி, இங்கன வந்து பாரு."

நான் சிரித்தால் படம் நிற்கும். சிரிக்கவில்லை என்றால் ஈரத்துணியால் துடைத்துவிடுவீர்கள். "படிச்சவன் எழுத்தப் பாத்துச் சிரிப்பான். நீ சிரிச்சாத்தேன் படத்துக்குச் சிரிச்சது" என்பீர்கள். மதுரைப் பத்திரிகைக்கு நீங்கள் அனுப்பிய படங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. "அங்கன ஒரு மாயாண்டிய உக்கார வைக்கல, அதேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சோப்புப் போடப் போய்விட்டீர்கள்.

அந்த வருஷம் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தும் வாய்க்கால் முடிகிற கடைமடைக்கு வந்து சேரவில்லை. பஞ்சாயத்துத் தலைவரின் வாழைத்தோப்போடு நின்றுகொண்டது. உங்கள் சலூன் இருந்த கட்டடமும் அந்தத் தலைவருடையதுதான். அப்படியிருந்தும் வரைந்தீர்கள். ஓர் ஆள் வாய்க்காலுக்குக் குறுக்கே மல்லாந்து படுத்திருந்தான். தண்ணீர் வருகிற பக்கம் வாய். கரையைவிட உயரமாக வயிறு. வயிற்றுக்கு அந்தப் பக்கம், காய்ந்துபோன வாய்க்காலில், ஒரு தவளை மூட்டை முடிச்சோடு கேரளா பஸ்ஸுக்கு நின்றது. நான் அந்தத் தவளையைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து நழுவிக் கீழே உட்கார்ந்து சிரித்தேன். படம் நின்றது.

மறுநாள் தலைவரே வந்துவிட்டார். அப்போது நான் நாற்காலியில், உங்கள் கத்தி என் தொண்டையில்.

"யாருப்பா இது, படத்துல?"

"ஒரு ஆளுங்கய்யா."

"ஆளுன்னு தெரியுது. எந்த ஆளு?"

கத்தி அசையாமல் நின்றது. நான் எச்சில் விழுங்காமல் இருந்தேன்.

"இந்தா உக்காந்திருக்காருல்ல, நம்ம மாயாண்டி. இவருதேன்" என்றீர்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். அந்தக் காலத்தில் என் விலா எலும்பைச் சட்டைக்கு மேலேயே தடவிப் பார்க்கலாம்.

"இவனுக்கு ஏதுப்பா இம்புட்டு வயிறு?"

"அவரு ஆசைய வரைஞ்சிருக்கேங்கய்யா."

இல்லை என்று தலையாட்ட எனக்கு வழி இல்லை, கத்தி இருந்தது. அது தான்தான் என்று சொல்லத் தலைவருக்கும் வழி இல்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்பப் பேரப் போட்டுரு. ஊரு தப்பா நெனச்சிரும்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். நீங்களும் போட்டுவிட்டீர்கள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். உங்களுக்கு ருசி கண்டுவிட்டது. ரேஷன் கடையில் சீனி குறைந்தால், மாயாண்டி எறும்புகளுக்குப் பந்தி வைக்கிறார். புது ரோட்டில் தார் குறைந்தால், மாயாண்டி அதைத் தோசைக்குத் தொட்டுக்கொள்கிறார். வயிறு யாருடையது என்று ஊருக்கே தெரியும், பெயர் மட்டும் என்னுடையது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன மாமா, நேத்துத் தாரு எப்படி இருந்துச்சு?"

"உப்புக் கொஞ்சம் கம்மிப்பா" என்பேன்.

என் வீட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. "ஊரையே திங்கிற மனுசன் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டாந்தா என்ன?" என்று கேட்டாள். பெண் கேட்டு வருகிறவர்கள் கண்ணில் இந்தப் பலகை பட்டால் என்ன ஆகும் என்ற பயமும் அவளுக்கு இருந்தது.

அவள் பயந்த மாதிரியே நடந்தது. மகளைத் தேவாரத்திலிருந்து பெண் கேட்டார்கள். ஏலக்காய் வியாபாரம், நல்ல குடும்பம், பையனும் தங்கமான பையன். மகளுக்கும் பிடித்திருந்தது, அவள் அதைச் சொல்லாமல் வீட்டை இரண்டு தடவை கூட்டியதிலேயே தெரிந்தது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால் சலூனிலும் டீக்கடையிலும் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது நம் பக்கத்து வழக்கம். பையனின் அப்பா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பலகையில் மாயாண்டி பள்ளிக்கூடத்துக் கூரையைப் பிய்த்து அப்பளமாக நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்த மாயாண்டிங்கிறவரு இந்த ஊருல எத்தன பேரு இருக்காக?" என்று கேட்டார் அவர்.

"ஒருத்தருதேன்."

"அவரு எப்படிப்பட்ட ஆளு?"

பெஞ்சில் தலைவரின் ஆள் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படத்தில் இருப்பது யார் என்று சொன்னால் உங்களுக்குக் கடை போகும். சொல்லாவிட்டால் என் மகளுக்கு அந்த இடம் போகும். நீங்கள் வந்தவருக்கு முகம் நிறையச் சோப்பைப் போட்டு, "கொஞ்சம் ஊறட்டுங்கய்யா" என்று சொல்லிவிட்டுச் சாக்பீஸோடு வாசலுக்குப் போனீர்கள். குண்டு மனிதருக்குப் பக்கத்தில் இன்னொரு மனிதரை வரைந்தீர்கள். ஒட்டிய வயிறு, விலா எலும்பு, பானைக்குக் காது வைத்த மாதிரி விடைத்த காது. அதற்குக் கீழே 'பஞ்சாயத்துத் தலைவர்' என்று போட்டு அவர் பெயரை எழுதினீர்கள்.

தேவாரத்து ஆள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நான் வயலிலிருந்து ஓடிவந்து பலகைக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க நின்றேன். சோப்பு முகத்தோடு அவர் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"மாயாண்டிங்க."

அவர் பலகையைப் பார்த்தார். என் காதைப் பார்த்தார். மறுபடியும் பலகையைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்தவனிடம், "ஏம்ப்பா, உங்க தலைவரு ஆளு எப்படி இருப்பாக?" என்று கேட்டார்.

"எங்க தலைவரா? பத்துப் பேரு சேந்தாப்புல வந்தது மாதிரி இருப்பாக" என்று அவன் பெருமையாகச் சொன்னான்.

அவர் சிரித்த சிரிப்பில் சோப்பு தெறித்துக் கண்ணாடியில் இருந்த மந்திரிக்கும் சவரம் ஆகிற மாதிரி ஆகிவிட்டது. கல்யாணம் அந்த வைகாசியிலேயே நடந்தது. அவர் எனக்குச் சம்பந்தி ஆனார். இன்றைக்கும் போனில் நலம் விசாரிப்பதற்கு முன்னால், "என்ன சம்பந்தி, கூரை செரிச்சிருச்சா?" என்றுதான் கேட்பார்.

தலைவர் வந்து பார்ப்பார், கடையைக் காலி பண்ணச் சொல்வார் என்று நாம் காத்திருந்தோம். வந்தார். ஒல்லி மனிதரையும் கீழே இருந்த தன் பெயரையும் நெடுநேரம் பார்த்தார். "எலக்சன் வருதுல்ல. அந்த ஒல்லிப் படத்த மட்டும் அழிச்சிராத" என்றார். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை நாம் இரண்டு பேரும் சிரிக்காமல் இருந்த பாடு நமக்குத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் உங்களிடம் அப்போது சொல்லவில்லை. அந்த ஒல்லி மனிதரின் கோடெல்லாம் நடுங்கியிருந்தது. நீங்கள் வரைந்து கோடு நடுங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்போது கேலிப்படம் போனுக்குள் வந்துவிட்டது. மகள் அனுப்புகிறாள். மீம்ஸ் என்று பெயர். ஒரே சிரிப்பு நடிகரின் முகம், பெட்ரோல் விலைக்கும் அதுதான், பரீட்சை முடிவுக்கும் அதுதான். நான் பெயரைக் கொடுத்த மாதிரி அந்த மனிதர் ஊருக்கெல்லாம் முகத்தைக் கொடுத்திருக்கிறார். குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருக்கின்றன. இப்போது எனக்குப் படிக்க வரும். ஆனாலும் எழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு முதலில் படத்தை மட்டும் பார்க்கிறேன். சிரிப்பு வந்தால்தான் விரலை எடுக்கிறேன். வராவிட்டால் துடைத்துவிடுகிறேன். போனில் அதற்கு ஈரத்துணி வேண்டாம்.

இதை எழுத உட்கார்ந்த காரணத்தை இன்னும் சொல்லவில்லை. போன வாரம் கிராமசபைக் கூட்டம் நடந்தது. வாய்க்காலுக்குப் புதிதாகப் போட்ட சிமெண்டு ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டது. கடைமடையில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெண் எழுந்து, "சிமெண்டப் பூரா மாயாண்டி தின்னுட்டாரு சார்" என்றாள். நம் ஊரில் இப்போது அது ஒரு வழக்குச் சொல். யார் மாயாண்டி என்று அவளுக்கே தெரியாது. நீங்கள் பலகையைச் சாய்த்துவைத்த காலத்தில் அவள் பிறந்திருக்கவே மாட்டாள்.

வந்திருந்த அதிகாரி வெளியூர்க்காரர். "யார் அந்த மாயாண்டி? காண்ட்ராக்டரா? பேரை எழுதிக்கங்க, விசாரிக்கணும்" என்றார். அன்றைக்கு என் தொண்டையில் கத்தி எதுவும் இல்லை. கம்பை ஊன்றி எழுந்தேன்.

"நாந்தேங்கய்யா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களா சாப்பிட்டீங்க?"

"ரொம்ப வருசமாத் தின்னுக்கிட்டுத்தேன் இருக்கேன். உடம்புலதேன் ஒட்ட மாட்டேங்குது."

கூட்டம் சிரித்து அடங்க நேரமானது. அதிகாரியும் சிரித்தார். பிறகு, "அப்ப எங்க ஒட்டியிருக்குன்னு பாக்கணுமே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராகப் பார்த்தார். முன் வரிசையில் இருந்த காண்ட்ராக்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வயிற்றின்மேல் போட்டு மூடிக்கொண்டார்.

வாய்க்காலை நேரில் வந்து அளந்து பார்ப்பது என்று தீர்மானம் எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடம் மட்டும் கைநாட்டு வைக்க மை டப்பாவை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கினேன்.

அந்தத் துண்டை வரைய நீங்கள் இல்லை, அண்ணே. பெயரை மட்டும் நான் போட்டுவிட்டு வந்தேன்.

மாயாண்டி