ஜூன் இருபத்து நான்கு வரை

மே 13
கடை திறந்த அடையாளமாக வாசலில் பச்சைக் கொம்பு கட்டியாயிற்று. இனி ஆறு வாரம் எங்கள் முற்றம்தான் ஒயின் கடை. காலை ஏழு மணிக்கே கிலியான் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுக் கூடையோடு வந்துவிட்டான். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன், மனைவி இறந்து ஆறு வருடம். "ரெண்டு தண்டை ஒண்ணோட ஒண்ணு தேச்சுப் பாரு ரோஸ்வித்தா, கீச்சுன்னு கத்தும். அவ்வளவு புதுசு." தேய்த்தேன். கத்தியது. இரண்டு பேரும் சிரித்தோம்.

மே 21
காப்பி குடித்துவிட்டுப் போகிறேன் என்றவன் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தான். அவன் போனதும் கெர்லிண்ட் ஆரம்பித்தாள். "கூடையை வெக்க ரெண்டு மணி நேரமா அண்ணி?" காலமான என் கணவர் ஆண்டனின் தங்கை அவள், இந்த வீட்டிலேயே இருப்பவள். முகம் சிவந்துவிட்டது எனக்கு. ஐம்பத்தாறு வயதில்!

மே 30
ஜூன் 24-க்குப் பிறகு இந்த ஊரில் ஒருவரும் அஸ்பாரகஸ் வெட்ட மாட்டார்கள். செடி அடுத்த வருடத்துக்குத் தேற வேண்டும். என் கடையும் அன்றோடு மூடல். அப்புறம் அவன் இங்கே வர என்ன காரணம்? கேட்கவும் வாய் வரவில்லை.

ஜூன் 7
எல்லாம் கெட்டது. வெயில் என்று அஸ்பாரகஸை வினிகர் ஊற்றி சாலடாகச் செய்தேன். கூடவே நம் சில்வானர் வெள்ளை ஒயின், துளி இனிப்பில்லாதது. வந்தவர்கள் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்கள். கிலியான் எல்லார் முன்னாலும், "இந்த வருஷம் உன் ஒயின் புளிச்சுப்போச்சு" என்றான். ஆண்டன் போன பிறகு நானே இறக்கிய ஒயின்! விடுவேனா? "உன் தண்டுதான் கசக்குது, போய் மண்ணை மாத்து!" தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜூன் 8
கூடை மட்டும் வாசலில் இருந்தது. ஆள் இல்லை.

ஜூன் 10
இன்றும் கூடைதான். போகட்டுமே, எனக்கென்ன? — எனக்கு என்னவோதான்.

ஜூன் 11
சாயங்காலம் தண்டுகளை வெறுமனே வேகவைத்து உருக்கிய வெண்ணெய் ஊற்றினேன். பக்கத்தில் உருளைக்கிழங்கு, வெந்த பன்றித்தொடைக் கறி இரண்டு துண்டு. ஒரு வாய் ஒயின். அடடா! பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி. தப்பு அவனுடையதும் இல்லை, ஒயினுடையதும் இல்லை. வினிகர் ஊற்றி எல்லார் நாக்கையும் கெடுத்த என் கை! முப்பது வருடம் ஒயின்காரர் வீட்டில் இருந்துகொண்டு இப்படியா?

ஜூன் 12
காலை ஆறு மணிக்கு அவன் வயலுக்கே போனேன், மூடிய தட்டும் ஒரு பாட்டிலுமாக. வரப்பில் உட்கார்ந்து ஒரு தண்டு விடாமல் தின்றான். என் தப்பைச் சொன்னேன். "வினிகரா ஊத்தினே? கொலைகாரி." பிறகு மெல்ல, "உன் ஒயின் நல்லாத்தான் இருக்கு. அன்னிக்கு நான் அத்தனை பேர் முன்னால அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது." காலையிலேயே இரண்டு கிளாஸ். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டு.

ஜூன் 19
தினமும் ஒன்பது மணி வரை இருக்கிறான். இன்னும் ஐந்து நாள்தான். எண்ணாதே என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் 24
கடைசிக் கூடை. "அவ்வளவுதான் இந்த வருஷம்," என்றான். நானும், "அவ்வளவுதான்," என்றேன். மடச்சி. சாயங்காலம் கொம்பை அவிழ்த்தேன்.

ஜூன் 25
ஆற்று மீனை வெண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தேன். மணி பன்னிரண்டு. சமையலறைக் கதவில் கிலியான். வெறுங்கை, துவைத்த சட்டை.

"கடை மூடியாச்சே," என்றாள் கெர்லிண்ட்.

"தெரியும்."

"தண்டும் முடிஞ்சு போச்சு."

"அதுவும் தெரியும்."

"பின்னே எதுக்கு வந்தியாம்?"

அவன் என்னைப் பார்த்தான். காது வரை சிவந்திருந்தது.

ஜன்னல் ஓரத்தில் ஆண்டனின் நாற்காலி. அவர் போன நாலு வருடமாக அதில் யாரும் உட்கார்ந்ததில்லை, பூனை தவிர. கெர்லிண்ட் பூனையை இறக்கிவிட்டு, இடுப்பில் கட்டிய சமையல் துணியால் நாற்காலியைத் துடைத்து, மேசைக்கு இழுத்துப் போட்டாள்.

"என் அண்ணனோடது. கால் கொஞ்சம் ஆடும், பாத்து உட்காரு."

அவன் பார்த்து உட்கார்ந்தான். நான் மூன்றாவது தட்டை எடுத்தேன்.