சல்லடையில் கிடைத்த பகடை

இல்லை, இதை நான் வைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இந்தப் பகடை புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்திருக்கிறது. அருங்காட்சியகத்தில் அதன் முன் நின்று அரைமணி நேரமாக உன்னோடு வம்படிக்கிறேன். நீ செத்து எட்டு மாதமாகியும் என்னை நம்ப மாட்டேன் என்கிறாய்.

மழை பொய்த்த வருஷம் திருச்சுழியில் பஸ் ஏறி இரண்டு பேரும் அகழாய்வு வேலைக்குப் போனோம். மேட்டுக்கு அடியில் பழைய நகரமே கிடக்கிறது என்றார்கள். கண்மாய் வெட்டிய கையில் கொத்துக்கரண்டியைக் கொடுத்து, மண்ணைத் தடவித் தடவிச் சுரண்டச் சொன்னார்கள். எது தென்பட்டாலும் ஆபீசரைக் கூப்பிட வேண்டும். கிடந்த இடம் தெரியாவிட்டால் பொருள் பாதி ஊமை என்பார் அவர். நீ உன் வேட்டியைக்கூட அவ்வளவு கவனமாகக் கட்டியதில்லை.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ஓட்டுச் சில்லில் ஆணியால் ஒரு முகம் கீறி, நீ தோண்டிய எட்டாம் குழியில் புதைத்தேன். மறுநாள் நீ கண்டெடுத்து ஆபீசரைக் கூப்பிட்டாய். அவர் திருப்பினார், பின்னால் ஓட்டுக் கம்பெனி முத்திரை. மேடே சிரித்தது. யார் வேலை என்று கேட்டார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தெரியாது என்றாய்.

அதற்கு மூன்றாம் நாள், அதே குழியில் உன் கரண்டியில் இந்தப் பகடை தட்டியது.

"இன்னொரு தடவ ஏமாற வேற ஆளப் பாருலே" என்று மண்கூடையில் வீசினாய்.

"ஏலே, இது நான் வச்சதில்ல" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். என் மூஞ்சி அப்படி.

சாயங்காலம் மண் சலித்த பெண்கள் அதை எடுத்துக் கொடுத்தார்கள். எந்தக் குழி மண் என்று ஆபீசர் கேட்டபோது நீ பஸ்ஸுக்குப் போயிருந்தாய். சொன்னால் நீ ஏன் வீசினாய் என்பார், ஓட்டுச் சில்லைப் புதைத்தது நான்தான் என்று வெளியே வரும், என் வேலை போகும். பேசாமல் நின்றேன். பிறகு பந்தல்குடி டீக்கடையில் எத்தனையோ வருஷம் எல்லா வம்பும் பேசினோம், இதைத் தவிர.

இங்கே ஒவ்வொரு பானைக்கும் பாசிமணிக்கும் குழியும் ஆழமும் எழுதியிருக்கிறது. உன்னுடையதை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: சலித்த மண்ணில் கிடைத்தது, குழி தெரியவில்லை.

காவலுக்கு நின்ற அம்மாவிடம் போனேன்.

"அம்மா, இது எட்டாம் குழியில கெடச்சது. நானும் அங்க வேல பாத்தேன். எடுத்தவன் பேரு..."

யாரோ கண்ணாடியைத் தொட்டுவிட்டார்கள். அவர் அந்தப் பக்கம் நடந்துவிட்டார். உன் பேர் என் வாயிலேயே நிற்கிறது.