தோட்டா கிடைக்காத துவக்கு

இஞ்சேரும்,

மெல்பனில் உம்முடைய தங்கச்சி வீட்டில் நல்லாய் நித்திரை கொள்வீர் என்று நம்புகிறேன்.

கைத்துப்பாக்கித் தோட்டாவையே போட்டு, லீவரை இழுத்துச் சுடுகிற நீளத் துவக்கு ஒன்றை எட்டு மாதமாகத் தேடினேன் அல்லவா? என் சம்பளத்துக்குள் வாங்கக்கூடியதாக ஒன்று விலைக்கு வந்தது. சுடும் கழகத்துக்கு என்னை அழைத்துப்போன யோகராசா அண்ணரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"மலிவாத்தான் தருவாங்கள், தம்பி. அதுக்குரிய தோட்டா சிட்னி முழுக்க இல்லை. சுவரிலை கொழுவி வை."

ஆறு கடைகளில் கேட்டேன். எல்லாரும் அனுதாபப்பட்டார்கள்.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டனாங்கள்" என்றுதான் நீர் பஸ் ஏறினீர். இது அமைதியான நாடு, இது வெறும் பொழுதுபோக்கு என்று அன்றைக்கு நெடுநேரம் விளக்கினேன். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. நீர் அழுதுகொண்டிருந்தீர்.

நேற்று, துவக்கு வாங்கும் அனுமதியைப் பொலிசில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தோட்டா இல்லாததால் என்று அங்கே சொன்னேன். உமக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

துவக்கை வைக்கச் சாமியறைச் சுவரில் பூட்டிய இரும்புப் பெட்டியையும் கழற்றினேன். நான்கு துளைகள் மிஞ்சின. துவக்கு இந்த வீட்டுக்குச் செய்த சேதம் அவ்வளவுதான், நீர் போனதைச் சேர்க்காவிட்டால்.

சிட்னி லிட்கம் வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும்,
உம்முடைய ஆள்