கிணற்றடியில் ஏழு வெடி

என் ஆசை மச்சான் யூட்டுக்கு,

வலது கை வீங்கியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். உன் படத்துக்காக நேற்று ஒரு மனிதரின் மூக்கை உடைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால் "உனக்கென்ன விசரோடா?" என்று ஏசிவிட்டு, குத்து எப்படி விழுந்தது என்று ஆறுதலாக விசாரித்திருப்பாய்.

முதலில் இருந்து சொல்கிறேன். உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் உன் பெண்சாதி ரெஜினா, மாதா கோயில் வாசலில் நின்று எல்லாரையும் கூப்பிட்டாள். "அவர் ஒன்பது வருசமாப் பாடுபட்டு எடுத்த கௌபாய் படம். ஒருக்கா வந்து பாருங்கோ." என் தங்கை உன் அடக்கத்தன்றுகூட அப்படிக் குரல் உடைந்து கதைக்கவில்லை. போனில் பார்க்கிற படமில்லை இது என்று நீ போட்ட சட்டம் அவளுக்கு வேதவாக்கு. ஆல்பனி தியேட்டரில் இருப்பதிலேயே பெரிய திரையாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தோம்.

எழுபது பேர் வந்தார்கள். பூசைக்கு உடுத்த வெள்ளை உடுப்போடு, கையில் பற்றிஸ் பலகாரப் பெட்டிகளோடு. உன் கலியாணப் போட்டோக்களை வரிசையாகக் காட்டி இரண்டு செபம் சொல்லி அனுப்புவோம் என்று பாதிப்பேர் நினைத்திருக்கிறார்கள். செத்த வீட்டுக்காரர் கூப்பிட்டால் வேறு எதற்குக் கூப்பிடுவார்கள்?

உன் படம் ஓடாது என்று நான் முதலே சொன்னேன் அல்லவா? மூன்றரை மணித்தியாலம். பாட்டு இல்லை. தெரிந்த முகம் ஒன்று இல்லை. கதாநாயகன் தகனினிப் பக்கம் வீடுகளுக்குக் கூரை போடுகிறவன். முதல் இருபது நிமிடம் குதிரைகள் மட்டும்தான் மூச்சு விடுகின்றன. தமிழன் தொப்பி போட்டுக் குதிரையில் வந்தால் எங்கள் சனம் சிரிக்கும், வெள்ளைக்காரன் எட்டியும் பார்க்கமாட்டான், பிறகு ஆருக்கு இதை எடுக்கிறாய் என்று கேட்டேன். நீ தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தாய்.

சிரித்தார்கள்தான். முதல் வெடி கேட்கும்வரை.

அந்தச் சத்தத்துக்கு நாம் பட்ட பாடு கொஞ்சமா? மான் வேட்டைக்குப் போகிற ஒரு பண்ணைக்காரர் சுடச் சுட, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நின்றேன். சினிமாத் துவக்குத்தான் இடி மாதிரி முழங்கும், உண்மைத் துவக்கு காய்ந்த பனைமட்டையை முறிக்கிற மாதிரி என்று நீ சொன்னாய். எனக்கும் அது தெரியும். எங்கே கேட்டோம் என்று மட்டும் நாம் ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்று தியேட்டரில் அந்த மட்டை முறிந்தது. நடு வரிசை முழுவதும் நிலத்தில் விழுந்தது. கணக்காளர், நர்ஸ், பஸ் ஓட்டுகிறவர், எல்லாரும் பிடரியைப் பொத்திக்கொண்டு கதிரைகளுக்கு இடையில் குப்புற. ஒருவரும் கத்தவில்லை. சத்தத்தைப் பிடித்த நானே விழுந்தேன் மச்சான், வாயெல்லாம் கம்பளத் தூசி.

இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் நிமிர்ந்து இருந்தார்கள். துவக்குச் சத்தம் இப்படி இருக்காதே, பொய் மாதிரி இருக்கிறதே என்று உன் மகள் ஷாலினி பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். தெரிந்தவர்களால் இருக்க முடியவில்லை, தெரியாதவர்கள் நம்பவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நீ எந்தச் சனத்தைத் தேடினாய்?

இடைவேளையோடு பாதிப்பேர் போய்விட்டார்கள். பிறகு வந்த கிணற்றடிக் காட்சியில் நான் தலை நிமிர்த்தவே இல்லை. அதை ஒழுங்காகப் பார்த்தது போன கிழமைதான், அதுவும் வெட்டி எறிவதற்காக.

ஏனென்றால் படங்களை வாங்கித் திரையிடுகிற சேகர் அன்று கடைசிவரை இருந்தார். "சார், படம் பிரமாதம். அந்தக் கெணத்தடி சீனைத் தூக்கிடுங்க, ஒரு பாட்டு வைங்க. அஞ்சு ஊர்ல போடுறேன்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. ரெஜினா என் கையைப் பிடித்தாள். "வெட்டுங்கோ அண்ணா. ஆரும் பாக்காமல் பெட்டிக்குள்ள கிடந்தால் அவர் ரெண்டாந்தரம் செத்துப்போவார்."

அதனால் உன் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். ஏழு பேர், கிணற்றைச் சுற்றி முழங்காலில். அவர்களுடைய தொப்பிகளைக் கழற்றி ஒரு கரையில் அடுக்கிவிட்டு, துவக்கோடு நிற்பவர்கள் ஒவ்வொரு பேராக வாசித்துச் சுடுகிறார்கள். முதல் ஆளின் தாடை பறக்கிறது. இரண்டாவது ஆள் சாகவில்லை, துவக்குப் பிடியால் அடித்தே முடிக்கிறார்கள். காலால் உள்ளே தள்ளுகிறார்கள். முதலில் தண்ணீரில் விழுகிற சத்தம். நாலாவது ஆளிலிருந்து உடம்புக்குமேல் உடம்பு விழுகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் பிடித்துத் தரவில்லை. அது எப்படி இருக்கும் என்று உனக்கு ஆர் சொன்னது?

அடுத்த நாள் மெற்றில்டா அக்கா வீட்டுக்கு வந்தார், பக்குரங்காவில் பேக்கரியில் வேலைக்கு நிற்கிறவர். படம் போட்ட அன்று நிலத்தில் விழுந்தவர், நிலத்திலேயே இருந்து முழுப் படத்தையும் பார்த்தாராம்.

"தம்பி, கிணத்தடியில மூண்டாவதா ஒரு பேர் வாசிச்சவங்கள். மரியதாஸ். அது என்ர தம்பி."

நான் கதிரையை இழுத்து அவரை இருத்தினேன்.

"ஏழு பேரும் எங்கட ஊர்ப் பெடியள், ஊரில இப்பிடித்தான் சுட்டுக் கிணத்துக்குள்ள தள்ளினவங்கள். அதே பேர், அதே ஒழுங்கு. யூட் அண்டைக்குப் பனை வடலிக்குள்ள ஒளிச்சுக் கிடந்தவர் எண்டு ஊரில கதைச்சவை. என்னட்டை ஒருநாளும் சொல்லேல்லை. சந்திச்சால் பாண் வாங்கிக்கொண்டு போயிடுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வீட்டில தம்பின்ர பேரை ஒருத்தரும் எடுக்கிறேல்லை. அண்டைக்கு அவ்வளவு பெரிசாக் கேட்டுது. திருப்பி எப்ப போடுவியள்?"

கௌபாய் படத்தில் மரியதாஸ் எங்கிருந்து வந்தான் என்று கதைத் தாளைப் பார்த்து உன்னைக் கேலி செய்தவன் நான். என்னை மன்னித்துக்கொள். அந்த ஏழு பேருக்கும் தொப்பி போட்டு, குதிரை கொடுத்து, வேறொரு நாட்டு வெயிலில் கொண்டுவந்து விட்டால்தான் உன்னால் பார்க்க முடிந்ததா? ஒன்பது வருசம் என் பக்கத்தில் இருந்தவன் இதைச் சொல்லியிருக்கக்கூடாதா?

நேற்றுக் கார்ப்பார்க்கில் சேகரைச் சந்தித்து, வெட்டமாட்டேன் என்றேன். "செத்தவர் வந்து கேக்கவா போறார்? அந்த ஏழு பேர் யாருன்னு எவனுக்கு சார் தெரியும்?" என்று சிரித்தார். கை தானாகப் போய்விட்டது. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன், நானே காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். மூக்குப் பஞ்சை அழுத்திக்கொண்டே, "மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். ஆனாலும் அந்த ஐந்து ஊரும் இனி இல்லை, அதுவும் சொல்லவேண்டியதுதான்.

ரெஜினாவிடம் சொன்னபோது அவள் அழுவாள் என்று பயந்தேன். உன் கதிரையை ஒருக்காத் தடவிவிட்டு எழும்பினாள். "அப்ப ஏழு வீட்டுக்காரரையும் தேடுவம்" என்றாள். மெற்றில்டா அக்கா உடனே போன் எடுத்துத் தேடி, இதுவரை நாலு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர்கள் வருகிற அன்று அதே பெரிய திரை மச்சான். விளக்கை முழுதாக அணைக்கவிட மாட்டேன். முன்னால் பாய் விரித்து வைப்பேன், விழுகிறவர்கள் அதில் இருந்து பார்க்கட்டும். ஒரு வெடிகூடக் குறையாது. முதல் வெடிக்கு நானும் விழுவேன், அது என் கையில் இல்லை. ஆனால் கிணற்றடி வரும்போது எழும்பி இருப்பேன். ஏழாவது பேர் வாசிக்கும்வரை தலை குனியமாட்டேன்.

உன் பெண்சாதியின் தமையன், உன் படத்துக்கு வெடிச்சத்தம் பிடித்தவன்,
மச்சான் அருள்