நாலாவது தட்டு

அம்மா,

இதை யாருக்கும் காட்டிவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன். போனில் அப்பாவிடம் வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே.

தம்பியின் இசை வகுப்பை அப்பா நிறுத்திவிட்டார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்று டீச்சர்தான் அவரை வரச் சொன்னார். டீச்சர் மேளத்தில் மூன்று தட்டு தட்டினார். நாலாவதைத் தம்பி தட்டட்டும் என்று காத்திருந்தார். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்து டம்மென்று அடித்தார். தம்பி அலறிக்கொண்டு மேசைக்கடியில் போய் ஒளிந்தான்.

"சார், அவனே தட்டட்டும். கொஞ்சம் பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்துத் தலை நரைச்சதுதான் மிச்சம். கல்லுகிட்ட போய்க் கச்சேரி பண்றீங்க!"

பெற்ற பிள்ளையைக் கல் என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயும் வேலை பார்க்கும் ஊரில் இருந்துகொண்டு, "அப்பா சொல்றதைக் கேளுடி" என்கிறாய். உனக்கு என்ன தெரியும்? வீட்டில் தம்பி வாசிக்கும் மேளத்தையும் பீரோவில் பூட்டிவிட்டார். அதனால் அவர் தூங்கியதும், பக்கத்து அறையில் படுத்திருக்கும் தம்பிக்காக நான் சுவரில் மூன்று தட்டு தட்டிவிட்டுக் காத்திருப்பேன். நேற்று அந்தப் பக்கமிருந்து நாலாவது வந்தது. அவனாகவே தட்டினான், அம்மா! திங்கட்கிழமைக்குள் நீ வந்து பேசாவிட்டால் வகுப்பில் அவன் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். வராவிட்டால் உன்னோடும் பேச மாட்டேன்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். விளக்கு எரிவதை அப்பா பார்த்துவிட்டார் போலிருக்கிறது.

இல்லை. மூன்று தட்டு கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை.

அப்பாவாக இருந்தால் காத்திருக்க மாட்டாரே