ஒரே இழுப்பில் கிளம்பிய என்ஜின்

அன்புள்ள மீசைக்காரருக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதிக்கொள்வது. நானும் நம் மகளும் இங்கே நலம் என்று எழுதத்தான் கை போனது. பிறகு, இருக்கிறோம் என்று எழுதினால் போதும் என்று தோன்றியது. இருக்கிறோம். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கோழி கிளறின மாதிரி இருக்கு என்று சொல்வதற்கும் இப்போது வீட்டில் ஆள் இல்லை.

படகை விற்கப் போகிறேன். கோபப்படாதீர்கள். உங்களை எடுத்துப் புதைத்த நாளிலிருந்து அது கரையில் சும்மா கிடக்கிறது. கடைக்குப் போகிற வழியும் அதுதான். நான் பின்தெருவைச் சுற்றிப் போய்த்தான் உப்பும் சோப்பும் வாங்கி வருகிறேன். எத்தனை நாளைக்கு இப்படிச் சுற்றுவது?

என் அண்ணன்தான் ஆள் பிடித்து வந்தார். அதற்கு முன்னால் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று செய்தார். படகு பளபளவென்று இருந்தால் நல்ல விலை போகும் என்று, பதிவு நம்பர் உட்பட எல்லாவற்றின்மேலும் பெயிண்ட் அடித்துவிட்டார். வாங்க வந்தவர் தடிக் கண்ணாடிக்காரர். படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "புது மாப்பிள்ளையாட்டம் நிக்குதே, எந்தக் காயத்த மறைக்கறீங்க?" என்று கேட்டார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் கத்தியால் சுரண்டித்தான் நம்பரைப் பார்க்க வேண்டியதாயிற்று. பதிவுத்தாளில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருந்தது. என்ஜின் நம்பரும் சரியாக இருந்தது.

அந்த மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. படகு எங்கேயாவது அடமானத்தில் இருக்கிறதா, நாளைக்கு யாராவது பங்கு என்று வந்து நிற்பார்களா என்று குடைந்து எடுத்துவிட்டார். மகளும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்று சொன்ன பிறகுதான் விட்டார். உங்களுக்குப் படகு விற்ற ஆளையும் தேடிப் போய் விசாரித்தாராம். "படகு தங்கம். வாங்கின ஆளுதான் முசுடு" என்று அவர் சொன்னாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போனபிறகு நான் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

கடைசியாக மெக்கானிக் வந்து, தண்ணீர் டிரம்மில் என்ஜினை இறக்கி ஓட்டிப் பார்த்தார். "அன்னைக்கு நடந்தத பத்தி நீ வாயே தொறக்காத" என்று அண்ணன் முன்பே சொல்லி வைத்திருந்தார். நானும் ஓரமாக நின்றேன். மனசுக்குள் மட்டும், இது கிளம்பக் கூடாது, கிளம்பினாலும் இருமி இருமி அணைந்து போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது. சூடேறும்வரை ஓட்டினார், அணைத்தார், மறுபடி இழுத்தார். மக்கர் பண்ணவே இல்லை. "வெண்ணெயாட்டம் ஓடுதுங்க" என்றார். எல்லார் முகத்திலும் சிரிப்பு. நடுக்கடலில் உங்களைக் கைவிட்டது அந்த என்ஜின்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் இத்தனை நாளாக அதைத்தானே திட்டிக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்காரரின் பெண்சாதியும் வந்திருந்தாள். அவள் என் பக்கத்தில் வந்து, "அக்கா, காகிதமெல்லாம் அவரு பாத்துட்டாரு. நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இந்தப் படகுல யாருக்காவது ஏதாவது ஆச்சா?" என்று கேட்டாள். அண்ணன் இருமினார். என்னால் மறைக்க முடியவில்லை. நாளைக்கு அவள் புருஷன் போகப்போவதும் இதில்தானே. சொல்லிவிட்டேன். கடல் அன்று அமைதியாக இருந்ததையும், என்ஜின் அணைந்து படகு மட்டும் மிதந்து வந்ததையும், நீங்கள் பிறகு கரை ஒதுங்கியதையும் சொன்னேன். டாங்கில் எண்ணெய் இருந்தது, வலை நனையவே இல்லை. சோற்றுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. வீட்டில் ஒரு தம்ளரைக்கூடக் கழுவாத மனிதர் நீங்கள்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். இனிமேல் யார் வாங்குவார்கள் என்று அவருக்குக் கவலை. அவளோ எழுந்து ஓடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ஜின் தானா நின்னுச்சாக்கா, இல்ல அவரே நிறுத்தினாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும், நான் இவர தைரியமா அனுப்புவேன்" என்றாள். தெரியலயேம்மா என்றேன். யோசிச்சு வைங்க, காலையில வர்றோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

யோசித்தால் வருகிற விஷயமா இது? தானாக நின்றது என்று சொன்னால் படகு விலை போகாது. போகட்டும், எனக்கு அது ஆறுதலாகவாவது இருக்கும். நீங்கள்தான் நிறுத்தினீர்கள் என்று சொல்லி விற்றுவிட்டால், அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எப்படி இந்த வீட்டில் இருப்பேன்?

மகள் வேலை முடிந்து வருகிற நேரமாகிவிட்டது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை. உங்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்கே இருந்தாலும் நிம்மதியாக இருங்கள். அழமாட்டேன், சண்டை போடமாட்டேன். அவளுக்குச் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கு அந்த என்ஜினை நிறுத்தியது நீங்களா?