சாம்பிள் எடுக்காத வீடு

பிப். 9, திங்கள்

காலையில் பனி. எட்டு மணிக்குத்தான் எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது. கோழிக்கூண்டு கூட்டிச் சாம்பல் தூவினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. ரிட்டயர் ஆனால் ஓய்வு என்று எந்த மடையன் சொன்னான்.

எண்ணிப் பார்த்தேன். நாட்டுப் பெட்டை 6. சேவல் 1. கருங்கோழி 3. கழுத்து மொட்டை 2. கின்னிக்கோழி 2. லாரிக்காரி 1. (தீபாவளிக்கு முன்னால் கறிக்கோழி லாரியிலிருந்து புத்தூர் ரோட்டில் விழுந்தவள். மூன்று நாள் தாங்காது என்றார்கள். இப்போது என்னைவிடக் கனமாக நடக்கிறாள்.) ஆக 15.

சிவப்பி அடையில் உட்கார்ந்து இன்றோடு பதினைந்து நாள். ஒன்பது முட்டை. ஞாயிறு பொரிக்க வேண்டும்.

கின்னி இரண்டும் விடிந்ததுமே ஆரம்பம். தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். தெருவே திட்டுகிறது, இவர் மட்டும் சிரிக்கிறார். நாற்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்று காதைத் தொலைத்த மனுஷன். நான் பேசினால் கேட்காது. பேத்தி போனில் தாத்தா தாத்தா என்று கத்தினாலும் கேட்காது. கின்னி கத்தினால் மட்டும் தலை திரும்பும். "உன் கோழி கூப்புடுது பாருமே" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் அந்த இரண்டு பிசாசுகளுக்கும் தீனி போடுகிறேன்.

சாயங்காலம் எதிர்வீட்டு முனிரத்தினம். "டீச்சர், பைபாஸாண்ட கோழிப் பண்ணைல கொத்து கொத்தா சாவுதாம்." வெயில் ஆரம்பிக்கிறது, அதனால் இருக்கும் என்றேன். அவனும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

பிப். 11, புதன்

ஆட்டோவில் மைக், ஆந்திர சர்க்காருடையது. தெலுங்கில். பண்ணையில் பறவைக் காய்ச்சலாம். கோழி, முட்டை விற்கக் கூடாது. வாங்கக் கூடாது. மேய விடக் கூடாது. ஊரைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது. பண்ணையைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்துக்குள் எந்த வீட்டில் எந்தக் கோழி இருந்தாலும் 'நீக்குவோம்' என்றது மைக். கொல்லுவோம் என்று சொல்ல மைக்குக்கே வாய் வரவில்லை.

பதினொரு மணிக்குப் பசுவுல ஆஸ்பத்திரி (கால்நடை ஆஸ்பத்திரிதான்) டாக்டரம்மா வந்தாள். சித்தூர்க்காரி, தமிழ் நன்றாகப் பேசுகிறாள். செல்போனில் வரைபடம். வட்டத்தின் கோடு எங்கள் தெருவுக்குள்ளேயே ஓடுகிறதாம். வாசல் உள்ளே, கொல்லை வெளியே. இதென்ன கூத்து.

"கோட்டு மேல இருக்கிற வீட்டுக்கெல்லாம் சாம்பிள் எடுத்து அனுப்புவோம்மா. நோய் இல்லன்னு வந்தா விட்டுடலாம். சாம்பிள் வேணாம்னு சொல்ற வீடு, வட்டத்துக்குள்ளன்னு எழுதிடுவோம்."

தெருவில் பதினோரு வீட்டில் கோழி இருக்கிறது. எல்லார் போன் நம்பரையும் அவள் அசிஸ்டென்ட் குறித்துக்கொண்டான். நாற்பது வயது இருக்கும். ஸ்ரீகாகுளத்துக்காரன், மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான். தமிழ் ஒரு சொல் தெரியாது. நல்ல மனுஷன். வெயிலில் சட்டை நனைந்துபோய் நின்றான்.

எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் அடைத்தேன். கை முழுக்கக் கீறல். லாரிக்காரி மட்டும் தானாக நடந்து உள்ளே போனாள்.

பிப். 12, வியாழன்

பனி இல்லை. வெயில்.

தங்கை பள்ளிப்பட்டிலிருந்து போன். "அக்கா, கூடையில போட்டு மூடி பஸ்ஸுல எடுத்தாந்துடு. இந்தாண்ட தமிழ்நாடு, எவன் கேக்கப் போறான்?"

"நோவு இருந்தா உன் வூட்டுக் கோழியும் சேந்து சாவும்டி."

"உனுக்கு இன்னும் டீச்சருன்னு நெனப்பு. சாவட்டும் போ." வைத்துவிட்டாள். அவள் சாவட்டும் என்றது கோழியைத்தான். என்னையாகவும் இருக்கலாம்.

முனிரத்தினத்தின் சண்டைச் சேவலைக் காணோம். "ராத்திரி எங்கியோ ஓடிப்போச்சு டீச்சர்." கூடையும் சேர்ந்து ஓடிப்போயிருக்கிறது. இன்னொரு பெட்டை இருப்பதால் அவன் வீடும் சாம்பிள் லிஸ்டில்தான்.

அடைத்த கூண்டில் ஒரே சண்டை. கருங்கோழி ஒன்றுக்கு மண்டையில் ரத்தம், மஞ்சள் வைத்தேன். கின்னிகளுக்குக் குரல் இன்னும் ஏறிவிட்டது. இவருக்குக் கொண்டாட்டம்.

வாங்க: புளி, கோதுமைத் தவிடு, இவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து.

பிப். 13, வெள்ளி

மூன்று மணிக்குப் போன். அசிஸ்டென்ட். மறந்துவிடாமல் அப்படியே எழுதி வைக்கிறேன், தெலுங்கு பேசிய பெருமைக்கு.

"மேடம், ரேப்பு ஒச்சி சாம்பிள் தீயாலா?" நாளைக்கு வந்து எடுக்கட்டுமா என்கிறான். நாளை எடுத்தால் சிவப்பியையும் அடையிலிருந்து தூக்குவார்கள். ஞாயிறு பொரிக்கிற முட்டை. இரண்டு நாள் போகட்டும் என்று நினைத்தேன். பாவம், அவனுக்கும் பத்து வீடு அலைச்சல்.

"அவசரம் லேது சார்."

"லேதா? நிஜங்கானா?" இல்லையா, நிஜமாகவா என்கிறான்.

"நிஜங்கா லேது சார். மிகதா இள்ளு சூஸுகோண்டி." மற்ற வீடுகளைப் பாருங்கள் என்று பெருந்தன்மை வேறு.

"சரே மேடம், ராசுகுண்டானு." எழுதிக்கொள்கிறானாம்.

சிவப்பிக்கு அடைக்குப் பக்கத்திலேயே தண்ணீர் வைத்தேன். வெகு நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. ராகிக் களி கிண்டினேன். இவர் இரண்டாம் தரம் கேட்டுச் சாப்பிட்டார்.

பிப். 14, சனி

வந்தார்கள். கையுறை, முகமூடி, ஐஸ் பெட்டி. பத்து வீட்டிலும் கோழியைப் பிடித்துத் தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். நான்தானே சொன்னேன். மோர் கொடுத்தேன். அசிஸ்டென்ட் இரண்டு டம்ளர் குடித்தான், கும்பிட்டுவிட்டுப் போனான்.

முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே தட்டுகிறது.

பிப். 15, ஞாயிறு

பொரித்துவிட்டது! ஏழு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே செத்தது, ஒன்று கூமுட்டை. ஏழில் இரண்டு கன்னங்கரேல், கருங்கோழி ஜாடை. ஒன்றுக்குப் பிறந்தபோதே கழுத்தில் முடி இல்லை. சிவப்பி எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் மூடிக்கொள்கிறாள்.

இவர் உள்ளங்கையில் ஒன்றை வைத்தேன். காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார்.

"கத்துதா?"

தலையாட்டினேன்.

"கேக்கல," என்று சிரித்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

பிப். 16, திங்கள்

சாம்பிள் எடுக்க வரவில்லை. கூண்டைக் கழுவி, பாய் போட்டு, தண்ணீர் எடுத்து வைத்துக் காத்திருந்தேன். பத்து மணி, பன்னிரண்டு, மூன்று. போன் போட்டேன், எடுக்கவில்லை. நான்கு தரம்.

சாயங்காலம் முனிரத்தினம் வாசலில் நின்று கத்துகிறான்: "ரிசல்ட் வந்துச்சு டீச்சர்! நம்ம தெரு பத்து வூடும் சுத்தம்!"

பத்து. கோழி இருப்பது பதினோரு வீட்டில்.

பிப். 17, செவ்வாய்

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

ஒன்பது மணி. வெள்ளை உடுப்பு, கண்ணாடி, நான்கு பேர். கோணிப்பை. பின்னால் டாக்டரம்மா, அசிஸ்டென்ட். சாம்பிளுக்கு இத்தனை பேரா என்று கேட்டேன். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீங்க வேணாம்னு சொல்லிட்டீங்களேம்மா."

யார் சொன்னது? யார் வேண்டாமென்றது? கத்தினேன். அசிஸ்டென்ட் நோட்டைத் திருப்பிக் காட்டினான். என் பெயர், அதற்கு நேராகத் தெலுங்கில் ஒரு வரி. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அ. வ. ஸ. ரம். லே. து.

அப்புறம்தான் உறைத்தது.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. நம் அவசரத்துக்கு அவர்கள் சொல் தொந்தர. 'தொந்தர லேது' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது 'தேவையில்லை'. சாம்பிள் எடுக்கத் தேவையில்லை. நிஜமாகவா என்று கேட்டான். நிஜமாகத் தேவையில்லை, மற்ற வீட்டைப் பாருங்கள் என்றேன். இந்த ஊர்த் தெலுங்குக்காரர்களிடம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசுகிறேன், அவர்களுக்கும் தமிழ் தெரியும், எல்லாருக்கும் விளங்கும். இவன் ஸ்ரீகாகுளம்.

இதில் கொடுமை என்ன என்றால், எனக்குத் தெரியும். முப்பது வருஷம் தமிழ் மீடியம் வகுப்பில் இந்தச் சொல்லைத்தான் சொல்லிச் சிரிக்க வைத்தேன். "ஒரே சொல்லு, இந்தாண்ட ஒண்ணு, அந்தாண்ட ஒண்ணு. பாத்துப் பேசுங்கடா." பாத்துப் பேசுங்கடா!

சொன்னேன். தமிழில் சொன்னேன், தெலுங்கில் சொன்னேன். இப்போது எடுங்கள், காத்திருக்கிறேன் என்றேன். டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "லிஸ்ட் மேல போய் கையெழுத்தாகி வந்துடுச்சும்மா. இன்னிக்கி சாயந்திரத்துக்குள்ள முடிக்கணும். என் கையில இல்ல." அசிஸ்டென்ட் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனை எப்படித் திட்டுவது. இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தானே எழுதினான்.

லாரிக்காரி முதலில். பிடிக்கிறவன் கையில் தானாகப் போய் உட்கார்ந்தாள். கருங்கோழிகள். மொட்டைகள். பெட்டைகள். சேவல் ஒருவன் கையைக் கிழித்தது. சிவப்பி குஞ்சுகளை மூடிக்கொண்டு சிலிர்த்தாள். குஞ்சு எதற்கு, இரண்டு நாள் குஞ்சு என்றேன். குஞ்சும்தான் என்றார்கள். ஏழையும் ஒரே கையில் அள்ளினான்.

ஒரு கின்னி தப்பிக் கூரைமேல் ஏறிவிட்டது. வலை வீசினார்கள். அது கத்தியது பாருங்கள். எங்கள் தெரு இதுவரை கேட்காத கத்தல்.

இவரை முன்னறையில் உட்காரவைத்து டி.வி. போட்டுவிட்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை, எதற்குச் சொல்ல வேண்டும், எப்படியும் தடுத்துவிடுவேன் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து அவர் குரல்.

"உன் கோழி கூப்புடுது பாருமே."

சிரித்துக்கொண்டே எழுந்து வந்தவர் கொல்லைக் கதவில் நின்றுவிட்டார்.

பிப். 18, புதன்

கொல்லை முழுக்கச் சுண்ணாம்பு. மூன்று மாதம் கோழி வளர்க்கக் கூடாது என்று கதவில் தாள் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

விடியற்காலை எழுந்து பழக்கத்தில் தவிட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டேன். பிசைந்த பிறகுதான் நினைவு வந்தது. முனிரத்தினம் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப மனசில்லை. வாய்க்காலில் கொட்டினேன்.

இவர் கேட்டார். "பத்து வூட்டையும் வுட்டுட்டாங்க. நம்ம வூட்ட மட்டும் இன்னாத்துக்கு?"

லாரிக்காரி பண்ணைக் கோழி இல்லையா, அதைப் பார்த்து சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று அவர் காதில் கத்தினேன். பொய். செத்த கோழிமேல் பழி. அது வாயில்லா ஜீவன், வந்து மறுக்கவா போகிறது.

"அத்தினி பாவமா பண்ணிச்சு அது," என்றார். சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேனா.

பிப். 19, வியாழன்

முனிரத்தினத்தின் சேவல் 'திரும்பி வந்துவிட்டது'. ஐந்து மணிக்குக் கூவியது. தப்புச் செய்தவன் சேவல் கூவுகிறது. ஒழுங்காக இருந்தவள் கொல்லையில் சுண்ணாம்பு. கூடையில் போட்டு பஸ் ஏறியிருக்கலாம். தங்கை போன் செய்தாள், அழுதாள், ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. குத்தியிருந்தால் தேவலை.

இவருக்குச் சேவல் கேட்கவில்லை. கின்னி கத்துகிற நேரத்துக்குத் தலையை லேசாகக் கொல்லைப் பக்கம் திருப்பினார். காத்திருந்தார். பிறகு தேநீரை எடுத்துக்கொண்டார்.

இனி இந்த வீட்டில் அவருக்குத் தானாகக் கேட்கிற சத்தம் எதுவும் இல்லை.

பிப். 20, வெள்ளி

மேகமூட்டம். புழுக்கம். துணி காயவில்லை.

சொல்லிவிட வேண்டும். மூன்று நாளாகத் தள்ளிப்போடுகிறேன். அவரிடம் சொல்வதென்றால் கத்த வேண்டும். கத்தினால் தெருவுக்கே கேட்கும். நான் படிக்க வைத்த பிள்ளைகள் பாதிப் பேர் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். எழுதிக் காட்டலாம். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிப்பார். அந்த விரல் அந்தச் சொல்லில் வந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

மத்தியானம் வெற்றுக் கூண்டின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். சாதாரணக் குரலில், முழுதும் சொன்னேன். போன் வந்தது, சிவப்பிக்காக நான் சொன்னது, அவன் எழுதியது, நான்தான், என் வாய்தான், வேறு யாருமில்லை. லாரிக்காரி ஒன்றும் செய்யவில்லை என்றும் சொன்னேன்.

என் உதடு அசைவதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டார்.

"இன்னா சொல்லிக்கினு கீற? கேக்கல. சத்தமா சொல்லுமே."

காதருகே குனிந்தேன்.

"அவசரம் இல்ல," என்று கத்தினேன்.

அது கேட்டுவிட்டது. சரி என்று தலையாட்டிவிட்டுக் கூண்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.